கூரை மின்சாரமும் அரசாங்க மானியமும்



மானியம் என்னும் சொல் நமக்குப் புதியது அன்று. ஏரியைத் தூர்வாரிக் கரையைக் காக்கும் செலவுக்கென்று ஊரார் ஒதுக்கிய நிலத்தை ஏரிப்பட்டி என்று சோழர் காலக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. ஊர் மருத்துவருக்கு விடப்பட்ட நிலம் மருத்துவக்காணி எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் இத்தகைய நிலங்கள் மானியம் என்றும் இனாம் என்றும் வழங்கின. அவற்றுக்கு வரி இல்லை, இருந்தாலும் சிறிதளவே. 1963-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இனாம் ஒழிப்புச் சட்டங்களால் அந்த நிலமுறை மறைந்தது. ஆனால் சொல் மறையவில்லை. அந்தச் சொல்லோடு பிறந்த ஒரு கருத்தையும் நாம் மறந்துவிடலாகாது. மானியம் என்பது சும்மா கொடுக்கப்பட்ட கொடை அன்று. அதைப் பெற்றவர் ஊருக்கு ஒரு பணி செய்யக் கடமைப்பட்டவர். ஏரிப்பட்டியின் விளைச்சலை உண்டவர் ஏரியைப் பார்க்க வேண்டும். மருத்துவக்காணியை உழுதவர் நோயாளியைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, வீட்டுக் கூரையில் சூரிய மின்சாரம் உண்டாக்குவோர்க்கு இன்று அரசாங்கம் வழங்கும் மானியத்தைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

நான் கடையத்தில் வாழ்பவன். தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே, பொதிகை மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அது. பாரதியாரின் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர். பாரதியாரும் 1918 முதல் 1920 வரை அங்கே வாழ்ந்தார். எங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்தால் இயற்கை ஆற்றல்கள் மூன்றும் மனிதனுக்குப் பணி செய்வதைக் காணலாம். தெற்கே சில மைல் தொலைவில் தாமிரபரணியின் வீழ்ச்சியால் இயங்கும் பாபநாசம் மின்னிலையம் இருக்கிறது. 1944-ஆம் ஆண்டு முதல் மின்சாரம் தருவது அது. வடகிழக்கே ஆலங்குளம், சுரண்டைப் பக்கம் சென்றால், செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்றில் சுழலும் காற்றாலைகளைக் காண்கிறோம். மூன்றாவதாக, அண்மைக் காலத்தில் சில வீட்டு மாடிகளில் நீலமும் கருமையும் கலந்த பலகைகள் தெற்கு நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. அவையே சூரிய மின்பலகைகள்.

இந்தப் பலகைகள் செய்யும் வேலை என்ன? ஒளி பட்டால் சில பொருள்களில் மின்னோட்டம் எழும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பெக்கெரல் 1839-ஆம் ஆண்டில் கண்டார். ஒளிக்கும் மின்னணுவுக்கும் உள்ள உறவை ஐன்ஸ்டைன் 1905-இல் விளக்கினார். எனினும் பயன்படத்தக்க சிலிக்கான் சூரியக் கலம் 1954-இல்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் நூற்றுக்கு ஆறு பங்கையே அது மின்சாரமாக மாற்றியது. இன்று கடைகளில் விற்கும் பலகைகள் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேலும் மாற்றுகின்றன.

ஒரு கிலோவாட் அளவுள்ள அமைப்புக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். நம் நாட்டு வெயிலில் அது நாள் ஒன்றுக்குச் சராசரியாக நான்கு அலகு, அதாவது நான்கு யூனிட் மின்சாரம் தரும். இது ஆண்டுச் சராசரி என்பதை மறவாதீர்கள். பங்குனி வெயிலில் கிடைப்பது வேறு. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் எங்கள் ஊர்வரை வந்து வானத்தை மூடும்போது கிடைப்பது வேறு. அன்றியும் மேற்கே மலை இருப்பதால் மாலை வெயில் எங்களுக்குச் சற்று முன்னதாகவே மறைந்துவிடும். ஆனால் பகலவன் முகம் மறைக்கும் அதே சாரல் காலத்தில் காற்றாலைகள் விரைந்து சுழல்கின்றன. அணைகளில் நீர் ஏறுகிறது. ஒன்று தளரும்போது மற்றொன்று தோள் கொடுக்கிறது. ஆதலின் இவற்றைப் போட்டியாளர்களாகக் கருதாமல் ஒரு குடும்பத்தின் உடன்பிறப்புகளாகக் கருதுவதே பொருந்தும்.

இனி மானியத்தின் அளவைப் பார்ப்போம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு பெருந்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் என்பது அதன் பெயர். ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்சாரம் என்பது அதன் குறிக்கோள். 2026-27 நிதியாண்டு வரைக்கென 75,021 கோடி ரூபாய் அதற்கு ஒதுக்கப்பட்டது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் வகுக்கப்பட்டது. எவ்வளவு பெரிய அமைப்பு நிறுவினாலும் ஒரு வீட்டுக்கு 78,000 ரூபாய்க்கு மேல் இல்லை.

இந்தக் கணக்கின் உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது. முதல் இரண்டு கிலோவாட்டுக்கு மதிப்பிட்ட செலவில் நூற்றுக்கு அறுபது பங்கையும், மூன்றாவது கிலோவாட்டுக்கு நாற்பது பங்கையும் அரசு ஏற்கிறது; அதற்கு மேல் ஒன்றுமில்லை. சிறிய வீட்டுக்குப் பெரும்பங்கு, பெரிய வீட்டுக்குச் சிறுபங்கு என்பது அதன் கருத்து.

பணம் வரும் முறையையும் அறிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்காரர் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து அரசின் இணையதளத்தில் பதிவு செய்கிறார். பதிவு பெற்ற நிறுவனத்தார் வந்து, இந்தியாவில் செய்யப்பட்ட கலங்களைக் கொண்ட பலகைகளைப் பொருத்துகிறார்கள். மின்வாரியத்தார் சோதித்து, இருவழி அளவியை வைக்கிறார்கள். வீட்டுக்குள் வரும் மின்சாரத்தையும் வீட்டிலிருந்து வெளியே செல்லும் மின்சாரத்தையும் அது தனித்தனியே கணக்கிடும். இவ்வளவும் முடிந்த பிறகே மானியம் வங்கிக் கணக்கில் சேர்கிறது. எனவே முதலில் கைப்பணமோ கடனோ வேண்டும். மூன்று கிலோவாட் வரைக்கும் ஈடு கேட்காமல் குறைந்த வட்டியில் வங்கிகள் கடன் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது.

நான் குடியிருக்கும் தெருவில் இரண்டு வீடுகள் உள்ளன. ஒன்றில் பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வாழ்கிறார். காங்கிரீட் மாடி உள்ள வீடு. குளிரூட்டி உண்டு, நீரேற்றும் மோட்டார் உண்டு. அவர் மூன்று கிலோவாட் அமைப்பு வைத்திருக்கிறார். நாளுக்கு நான்கு அலகு வீதம் மூன்று கிலோவாட்டுக்குப் பன்னிரண்டு அலகு. இரண்டு மாதத்துக்கு 720 அலகு. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தின் விலை, பயன்படுத்தும் அளவு ஏற ஏறப் படிப்படியாக உயர்வது உங்களுக்குத் தெரியும். 2024 ஜூலையில் வெளியான அட்டவணைப்படி, இரண்டு மாதத்தில் 1,000 அலகைத் தாண்டியவர், தாண்டிய ஒவ்வோர் அலகுக்கும் 11 ரூபாய் 80 காசு கொடுக்க வேண்டும். பெரியவருடைய பலகைகள் மேல்படியில் உள்ள விலையுயர்ந்த அலகுகளைத்தான் முதலில் குறைக்கின்றன. ஆதலால் அவர் போட்ட பணம் சில ஆண்டுகளில் திரும்பிவிடும்; பலகைகளோ இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும்.

அடுத்த வீட்டில் பீடி சுற்றிப் பிழைக்கும் தாய் ஒருத்தி தன் இரு பிள்ளைகளோடு வாழ்கிறாள். ஓட்டு வீடு, மூன்று விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. 2016 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரு மாதத்துக்கு 100 அலகு இலவசம். அவள் வீட்டின் செலவு அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மின்கட்டணமே செலுத்தாதவளுக்கு மின்கட்டணத்தைக் குறைக்கும் கருவியால் ஆவது என்ன? பழைய ஓட்டுக் கூரை பலகைகளின் பாரத்தைத் தாங்குமா என்பதும் ஐயம். மின் இணைப்போ காலஞ்சென்ற மாமனார் பெயரில் இருக்கிறது. 78,000 ரூபாய் மானியம் அந்தத் தெருவுக்கு வந்தது. அவள் வாசலை மட்டும் கடந்து சென்றுவிட்டது.

இங்கேதான் நாம் முதல் வினாவைக் கேட்க வேண்டும்: மானியம் யாருக்கு?

பெரியவர் மானியம் பெற்றது தவறு என்று நான் சொல்லவில்லை. அவர் சட்டப்படி பெற்றார்; தம் பணத்தையும் போட்டார். ஆயினும் மானியப் பணம் எல்லோரும் செலுத்திய வரியிலிருந்து வந்தது. அந்தத் தாய் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் அந்த வரி இருக்கிறது. சொந்த வீடும், உறுதியான கூரையும், முதலில் போடப் பணமும் உடையவர்க்கே மானியம் எளிதில் எட்டுகிறதென்றால், வாடகை வீட்டில் இருப்பவரும் ஓட்டு வீட்டில் இருப்பவரும் என்ன செய்வது? திட்டத்தை வகுத்தவர்கள் இதை எண்ணாமல் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு. மின் பகிர்மான நிறுவனமோ வேறு நிறுவனமோ தன் முதலைப் போட்டு ஏழை வீடுகளின் கூரையில் அமைப்பை நிறுவி நடத்தும் வழியும் விதிகளில் உண்டு. மாவட்டத்துக்கு ஒரு முன்மாதிரிச் சூரிய கிராமம் என்ற ஏற்பாடும் உண்டு. தமிழ்நாட்டிலேயே அதற்கு முன்னர் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருந்தது. 2011-12-இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், ஏழைக் குடும்பங்களுக்கு அரசே முழுச் செலவில் 300 சதுர அடி வீடு கட்டிச் சூரிய விளக்குகளையும் சேர்த்துக் கொடுத்தது. கூரை இல்லாதவனுக்குக் கூரையும் விளக்கும் சேர்த்துத் தரலாம் என்பதை அது காட்டியது.

இரண்டாவது வினா: மானியம் எதற்கு?

கட்டணம் குறைவது வீட்டாரின் நன்மை. அந்த நன்மைக்காக மட்டும் பொதுப்பணத்தைச் செலவிடலாகாது. பொதுவுக்கு என்ன நன்மை என்று கேட்க வேண்டும். நம் பகுதியில் நண்பகலில் ஒரு கூரை ஓர் அலகு மின்சாரம் உண்டாக்கினால், எங்கோ ஓர் அனல்நிலையத்தில் அந்த அலகுக்குரிய நிலக்கரி எரியாமல் நிற்கும். நெடுந்தொலைவு கம்பியில் வரும்போது வீணாகும் பகுதியும் மிஞ்சும். அண்டை வீட்டில் ஓடும் மின்விசிறிக்கே அந்த மின்சாரம் பயன்படும். புகையால் வரும் கேடும், வானிலை மாறுபாட்டால் உழவனுக்கு வரும் இடரும் அந்த அளவுக்குக் குறையும். இவை மானியம் பெறாதவனுக்கும் சேரும் நன்மைகள். ஏரிப்பட்டியைப் பெற்றவன் கரையைக் காத்ததால் கடைமடை உழவனும் பயனடைந்தான் அன்றோ? அதைப் போன்றதே இதுவும்.

எனினும் இந்த நன்மைக்கும் ஓர் எல்லை உண்டு. வீடுகள் தோறும் விளக்கேற்றும் அந்திப் பொழுதிலும் மின்சாரத் தேவை மிகுகிறது; அப்போது சூரியன் இல்லை. இரவு தேவையைக் காற்றாலும் நீராலும் நிலக்கரியாலும் சேமிப்புக் கலங்களாலும் ஈடுகட்டியாக வேண்டும். மேலும், பலர் நினைப்பதற்கு மாறாக, மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரணக் கூரை அமைப்பு, ஊரில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். இது குறை அன்று, பாதுகாப்பு ஏற்பாடு. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளி, கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கைவைக்கிறார். ஏதோ ஒரு கூரையிலிருந்து மின்சாரம் அந்தக் கம்பியில் ஓடினால் அவர் உயிருக்கு ஆபத்து. அதனால் அமைப்பு தானாகவே அடங்குகிறது. மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால் சேமிப்புக் கலமும் அதற்கேற்ற கருவியும் தனியே வேண்டும்; அதற்குச் செலவும் தனி. ஆடிக் காற்றில் மரம் முறிந்து கம்பி அறுந்த நாளில் எங்கள் ஊரில் சிலர் இதை அறிந்து வியந்தார்கள். பலகை வாங்குவதற்கு முன்னமே இதை அறிவது நலம்.

மூன்றாவது வினா: மானியம் எதுவரை?

எங்கள் பகுதியில் வாழைக்குக் காற்றுக் காலத்தில் முட்டுக் கொடுப்பார்கள். குலை வெட்டும் வரை முட்டு நிற்கும். அதற்குப் பின் அதே கழி அடுத்த வாழைக்குப் போகும். மானியமும் அப்படித்தான் இருக்க வேண்டும். உலகில் இதற்குச் சான்றுகள் உள்ளன. ஜெர்மனி 1990-இல் ஆயிரம் கூரைத் திட்டத்தையும், 1999-இல் குறைந்த வட்டிக் கடனோடு ஓர் இலட்சம் கூரைத் திட்டத்தையும் தொடங்கிற்று. ஜப்பான் 1994-இல் வீட்டாரின் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டு தொடங்கிப் பிறகு ஆண்டுதோறும் மானியத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. இவ்வாறு பல நாட்டு அரசுகள் தொடக்கத்தில் வாங்கிப் பழக்கியதால் தொழிற்சாலைகள் பெருகின. சீனா பேரளவில் உற்பத்தியில் இறங்கிற்று. 2010-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் பலகையின் விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வீழ்ந்தது. கடையத்துப் பெரியவர் இன்று வாங்கும் விலையில், முப்பது ஆண்டுகளுக்கு முன் வரி செலுத்திய ஜெர்மானியத் தொழிலாளியின் பங்கும் ஜப்பானியக் குடும்பத்தின் பங்கும் கலந்திருக்கின்றன.

முட்டை நிதானமாக எடுப்பதும் உண்டு. திடீரென்று பிடுங்குவதும் உண்டு. அமெரிக்காவில் வீட்டுச் சூரிய அமைப்பின் செலவில் நூற்றுக்கு முப்பது பங்கை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று 2022-ஆம் ஆண்டுச் சட்டம் பல ஆண்டுகளுக்கு உறுதி கூறியிருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அந்தச் சலுகையை 2025 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடித்துவிட்டது. அதை நம்பித் தொழில் தொடங்கியோரும் திட்டமிட்டிருந்த குடும்பங்களும் தடுமாறினர். நம் நாட்டிலும் மானியத்தின் அளவு அடிக்கடி மாறியிருக்கிறது. 2013-இல் தமிழ்நாட்டு அரசு, மத்திய மானியத்தோடு கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்தது. 2019-இல் மத்திய அரசு மூன்று கிலோவாட் வரை நூற்றுக்கு நாற்பது பங்கு என்று வகுத்தது. 2024-இல் இன்றைய கணக்கு வந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும், அடுத்த மானியம் இன்னும் கூடுமோ என்று காத்திருந்தோரும் உண்டு. முந்தியதே கூடுதலாக இருந்ததே என்று வருந்தியோரும் உண்டு. எந்த ஆண்டில் எவ்வளவு, எந்த ஆண்டில் முடிவு என்று முன்னமே சொல்லிவைத்த மானியமே மக்களுக்கு நம்பிக்கை தரும்.

நண்பர்களே, திட்டத்தின் பெயரில் உள்ள இலவசம் என்னும் சொல்லையும் சிறிது ஆராயுங்கள். சூரியன் கூலி கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் பலகைக்கு விலை உண்டு. அதைத் துடைத்துப் பேணும் உழைப்புக்கு மதிப்பு உண்டு. இரவில் மின்சாரம் தரும் கம்பிக்கும் மின்மாற்றிக்கும் அவற்றைக் காக்கும் தொழிலாளிக்கும் செலவு உண்டு. பகலில் கொடுத்து இரவில் வாங்குகிறவர், கம்பி என்னும் பொதுச்சொத்தை இருமுறை பயன்படுத்துகிறார். வசதியுள்ளவரின் மின்கட்டணம் சுழியாகும்போது கம்பியைப் பேணும் செலவு எஞ்சியவர் தலையில் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் ஆள்வோரின் கடமை. இலவசம் என்ற சொல்லைக் கேட்டவுடன், கொடுப்பவர் யார் என்று கேட்கப் பழகுங்கள். கேட்பதனால் நன்றி குறையாது, பொறுப்பு வளரும்.

உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். இன்று வீட்டுக்குச் சென்றதும் மின்கட்டண அட்டையை எடுத்துப் பாருங்கள். ஓராண்டில் ஆறு கணக்கெடுப்புகளில் எத்தனை அலகு செலவாயிற்று என்று கூட்டுங்கள். பின்னர்க் கூரையில் ஏறி, காலை ஒன்பது மணி முதல் மாலை மூன்று மணி வரை நிழல் விழாத இடம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். நூறு சதுர அடிக்கு ஒரு கிலோவாட், நாளுக்கு நான்கு அலகு என்று கணக்கிட்டால், உங்கள் வீட்டுக்கு அமைப்பு தேவையா, தேவையென்றால் எவ்வளவு என்பது புலப்படும். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். மறைந்தவர் பெயரில் இருந்தால் மாற்ற உதவுங்கள். பிறகு அதே கணக்கை உங்கள் தெருவில் ஓட்டு வீட்டில் வாழும் ஒரு குடும்பத்துக்கும் போட்டுப் பாருங்கள். உங்கள் பள்ளியின் மாடிக்கும் போட்டுப் பாருங்கள். பள்ளி விடுமுறை நாளில் அந்த மாடியில் விளையும் மின்சாரம் யாருக்குப் பயன்படலாம் என்று ஊராட்சித் தலைவரிடம் கேளுங்கள்.

அந்தத் தாயின் பிள்ளைகளில் மூத்தவள் பதினோராம் வகுப்பில் இயற்பியல் படிக்கிறாள். சூரியக் கலம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பெரியவரின் மாடிக்குச் சென்று பார்த்து, எனக்குப் பிழையின்றி விளக்கினாள். எங்கள் வீட்டுக்கு இது எப்போது வரும் என்று இறுதியில் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அரசாங்கத்தார் மட்டும் அல்லர். வரி செலுத்தும், வாக்களிக்கும் நாம் எல்லோருமே. நாளை நீங்களும் அந்த இடத்தில் அமர்வீர்கள். அப்போது மானியம் என்னும் பழைய சொல்லின் பொருள் உங்களுக்கு நினைவில் இருக்கட்டும்.